ஆரஞ்சுக்கு ஆரஞ்சுன்னு பேர் எப்படி வந்துச்சு?

வணக்கம் மக்களே! ஆரஞ்சுங்கிறது அக்மார்க் இங்கிலீஷ் வார்த்தைன்னுதான் நம்மள்ல பல பேர் நினைச்சிட்டிருக்கோம், ஆனா அதோட வேரைத் தோண்டிக்கிட்டே போனா நம்ம நாரத்தைகிட்ட வந்து நிக்குது. சமஸ்கிருதத்துல நாரங்கம்னு ஒரு சொல் இருக்கு இல்லையா, அது திராவிட மொழிகள்லேருந்து அங்க போயிருக்கணும்னு ஆய்வாளர்கள் பல பேர் சொல்றாங்க. 'நாறு'ன்னா பழைய தமிழ்ல மணக்கிறது, அதுலேருந்துதான் நாரத்தை வந்துச்சுன்னு சொல்றவங்களும் உண்டு, ஆனா அதுல வர்றது வல்லின ற, இதுல இடையின ர, அதனால நான் அதை அடிச்சு சொல்ல மாட்டேன்.

(திரையில்: உலக வரைபடம்)

இங்கேருந்து பாரசீகத்துக்குப் போய் நாரங்க், அரபியில நாரஞ்ச். அரபு ஆட்கள் சிசிலி, ஸ்பெயின்னு கொண்டுபோய் நட்டது கசப்பு ஆரஞ்சு, மர்மலேட் போடுற ரகம். ஸ்பானிஷ்ல இன்னைக்கும் அந்த முதல் 'ந' அப்படியே இருக்கு, நராங்ஹா. இத்தாலியன்லதான் அது கழண்டுச்சு, எப்படின்னா அங்க 'ஒரு'ங்கிறதுக்கு 'ஊனா', 'ஊனா நரான்ச்சா'ன்னு வேகமா சொல்லிப் பாருங்க, அந்த 'ந' எந்த வார்த்தையோட எழுத்துன்னே தெரியாது, அப்படியே முன்னாடி இருக்கிற வார்த்தையோட ஒட்டிக்கிச்சு, மிச்சம் அரான்ச்சா. இங்கிலீஷ்லதான் 'ந' போச்சுன்னு நெட்ல நிறைய சுத்துது, அது தப்பு, பிரெஞ்சு வழியா அங்க வந்து சேரும்போதே 'ந' கிடையாது.

இனிப்பு ஆரஞ்சு கதையே வேற. அதை ஐரோப்பாவுல பரப்பினதுல போர்ச்சுகீசியர்களுக்குப் பெரிய பங்கு, அதனால கிரேக்கத்துல போர்ட்டோகாலி, துருக்கியில போர்ட்டகால், அரபியில புர்துகால், எல்லாமே போர்ச்சுகல் நாட்டுப் பேருதான். டச்சுக்காரங்களோ 'சீன ஆப்பிள்'னு வெச்சிட்டாங்க!

அப்போ அவங்க ஃபுட்பால் ஜெர்சி ஏன் ஆரஞ்சு கலர்? பிரான்ஸ்ல ஒராஞ்ச்னு ஒரு ஊர் இருக்கு, ரோமானியர் காலத்துல அதோட பேர் அரௌசியோ, பழத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல, காலப்போக்குல ரெண்டோட பேரும் ஒரே மாதிரி ஆயிடுச்சு. 1544ல அந்த ஊரோட இளவரசர் பட்டம் நாசாவ் வம்சத்து வில்லியமுக்கு வந்துச்சு, அவர் வழியா அது டச்சு அரச குடும்பத்தோட பேராவும் நிறமாவும் ஆச்சு.

கலர்னு சொன்னதும் இன்னொண்ணு. பழத்துக்குப் பேர் வந்து ரொம்ப நாள் கழிச்சு, 16ஆம் நூற்றாண்டுலதான் இங்கிலீஷ்ல ஆரஞ்சுங்கிறது நிறத்தோட பேராச்சு. அதுக்கு முன்னாடி மஞ்சள்-சிவப்பு, இல்லைனா வெறும் சிவப்பு. ராபின் குருவியோட நெஞ்சு பளிச்சுன்னு ஆரஞ்சு கலர்ல இருந்தும் அதை 'செந்நெஞ்சு'ன்னு அவங்க இன்னைக்கும் கூப்பிடுறது அதனாலதான்.