டெட்ராய்ட்டும் ஷென்சென்னும்: சுவர் எழுப்பிய இரண்டு ஊர்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று மேடைகளில் பெருமையாகச் சொல்வார்கள். எந்த வருஷத்து டெட்ராய்ட்டை மனதில் வைத்துச் சொல்கிறார்கள் என்று கேட்கத் தோன்றும். அமெரிக்காவின் அந்தக் கார் நகரத்தில் 1950-இல் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2020-இல் 6.4 லட்சம்கூட இல்லை. சீனாவின் தெற்கில், ஹாங்காங்கை ஒட்டியிருக்கும் ஷென்சென் நேர் எதிர். 1980 வாக்கில் ஏறக்குறைய 3 லட்சம் பேர் இருந்த இடத்தில் 2020-இல் எண்ணியபோது 1.75 கோடி.

ஒன்று விழுந்த ஊர், ஒன்று எழுந்த ஊர் என்று பேசிவிட்டுப் போவது சுலபம். இரண்டு ஊர்களும் சுவர் எழுப்பின என்பதை அவ்வளவாக யாரும் சொல்வதில்லை. எனக்கு அதைத்தான் பேச வேண்டும்.

முதலில் டெட்ராய்ட். 1913-இல் ஹென்றி ஃபோர்டு தன் ஹைலண்ட் பார்க் ஆலையில் கார்களை நகரும் வரிசையில் வைத்துப் பாகம் பாகமாகப் பொருத்தவைத்தார். வேலை வேகமானது, அலுப்பும் அதிகமானது. ஆட்கள் வந்த வேகத்தில் வேலையை விட்டுப் போனார்கள். அடுத்த வருஷமே ஒரு நாளைக்கு 5 டாலர் கூலி என்று அறிவித்தார். தாராள மனசு என்று புகழ்ந்தவர்கள் உண்டு. ஆளை நிறுத்திவைக்க அவருக்கு வேறு வழி இருக்கவில்லை என்பதே பெரிய காரணம். அந்தக் காலம் தொட்டு அமெரிக்கத் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பின மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து சேர்ந்தார்கள்.

வேலை கிடைத்தது, வீடுதான் கிடைக்கவில்லை. 1941-இல் எயிட் மைல் ரோடு பக்கம் ஒரு மனை வியாபாரி வெள்ளையர்களுக்கு வீடு கட்ட நினைத்தார். பக்கத்தில் கறுப்பர் குடியிருப்பு இருப்பதால் கடனுக்கு உத்தரவாதம் தர முடியாது என்றது மத்திய அரசின் வீட்டுவசதி நிறுவனம். அவர் நடுவே ஆறடி உயரத்தில், அரை மைல் நீளத்துக்குச் சுவர் எழுப்பினார். சரி என்று உத்தரவாதம் கொடுத்துவிட்டார்கள்! அந்தச் சுவர் இன்றும் நிற்கிறது. ஒரு பகுதியில் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள்.

போருக்குப் பிறகு அதே அரசாங்கக் கடன் வசதியோடு வெள்ளையர்கள் நகர எல்லை தாண்டிய புறநகர்களுக்குக் குடிபோனார்கள். ஆலைகளும் அங்கே நகர்ந்தன. கறுப்பர்களுக்கு அந்தப் புறநகர்களில் இடமில்லை. 1967 கலவரத்தில் 43 பேர் இறந்தார்கள். அதோடு ஊர் கெட்டது என்று பலரும் சொல்வார்கள். எனக்கு அது சரியான கணக்காகப் படவில்லை. 1950-க்கும் 1960-க்கும் நடுவிலேயே ஏறக்குறைய 1.8 லட்சம் பேர் குறைந்துவிட்டார்கள். பிறகு ஜப்பான் கார்களின் போட்டி. போனவர்களின் வரி எல்லைக்கு அந்தப் பக்கம். பழைய குழாய், தெருவிளக்கு, ஓய்வூதியம் எல்லாம் இந்தப் பக்கம். 2013 ஜூலையில், சுமார் 1,800 கோடி டாலர் கடனோடு, நகராட்சி திவால் மனு கொடுத்தது. கடன்காரர்களின் கண் ஊர்க் கலைக்கூடத்து ஓவியங்கள் மேல் விழுந்தது. அறக்கட்டளைகளும் மாநில அரசும் கலைக்கூடமும் சேர்ந்து 80 கோடி டாலருக்கு மேல் தர ஒப்புக்கொண்டதால் ஓவியங்கள் தப்பின. ஓய்வூதியத்தில் வெட்டு விழுந்தது, ஆனால் பயந்த அளவுக்கு இல்லை.

இனி ஷென்சென். 1980 ஆகஸ்டில் சிறப்புப் பொருளாதார மண்டலம் ஆனது. 1982-இல் 80 கிலோமீட்டருக்கு மேல் நீளமான வேலி ஒன்றைப் போடத் தொடங்கினார்கள். ஹாங்காங் பக்கம் அல்ல, அங்கே ஏற்கெனவே எல்லை வேலி உண்டு. இது மண்டலத்துக்கும் மற்ற சீனாவுக்கும் நடுவே! சொந்த நாட்டுக்காரனே உள்ளே நுழைய அனுமதிச் சீட்டு வாங்க வேண்டும். சந்தை வியாபாரத்தை ஒரு மூலையில் அடைத்துவைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். 1987 டிசம்பரில் நிலத்தைப் பயன்படுத்தும் உரிமையை அங்கே பகிரங்க ஏலம் விட்டார்கள். நாட்டின் அரசியல் சட்டத்தை அதற்கேற்ப அடுத்த வருஷம்தான் திருத்தினார்கள்.

வேலையாட்கள் ஹுனான், சிச்சுவான் என்று தூரத்து மாகாணங்களிலிருந்து வந்தார்கள், பெரும்பாலும் இளம்பெண்கள். அவர்களின் குடும்பப் பதிவு, அதாவது ‘ஹுகோவ்’, சொந்தக் கிராமத்திலேயே இருந்தது. ஊர்ப் பதிவு இல்லாதவரின் பிள்ளைக்கு அரசுப் பள்ளியில் இடம் கிடைப்பது கஷ்டம். 2020-இல்கூட ஷென்சென்வாசிகளில் மூன்றில் ஒருவருக்குத்தான் அந்த ஊர்ப் பதிவு. மற்றவர்களில் ஏராளமானோருக்கு இடம் கொடுத்தது ஷென்சென்னில் ஏற்கெனவே இருந்த பழைய கிராமத்து விவசாயிகள் தங்கள் மனையில் நெருக்கிக் கட்டிய அடுக்கு வீடுகள். ஜன்னல் வழியே எதிர்வீட்டுக்காரரிடம் கைகுலுக்கலாம் என்பதால் ‘கைகுலுக்கும் கட்டடங்கள்’ என்று கேலியாகப் பெயர். கண்ணாடிக் கோபுரங்களைப் படம் பிடிக்கிறார்கள். ஊர் ஓடுவது இந்த வாடகை அறைகளால் என்பேன். வேலியை 2018-இல் அதிகாரபூர்வமாக ரத்து செய்தார்கள். பதிவு முறை தளர்ந்திருக்கிறது, போகவில்லை.

அப்புறம், கார் விஷயம். ஷென்சென்னில் 1995-இல் பேட்டரி செய்யத் தொடங்கிய பிஒய்டி இன்று உலகின் பெரிய மின்சாரக் கார் நிறுவனங்களில் ஒன்று. 2017 முடிவில் அந்நகரத்தின் 16,000-க்கும் மேற்பட்ட பேருந்துகளும் மின்சாரத்துக்கு மாறிவிட்டன. டெட்ராய்ட்டில் 1988 முதல் பாழடைந்து கிடந்த பெரிய ரயில் நிலையத்தை ஃபோர்டு நிறுவனம் 2018-இல் வாங்கிப் புதுப்பித்து, 2024-இல் திறந்தது. அதே 2024-இல்தான் சீன மின்சாரக் கார்களுக்கு அமெரிக்கா 100 சதவீத வரி போட்டது.

நன்றி, வணக்கம்.