கடைசிப் பக்கத்துப் பெயர்கள்

நேயர்களுக்கு வணக்கம். சேலத்து அச்சகங்களில் முப்பது வருஷம் மெய்ப்புத் திருத்தியவன் நான். எந்தப் புத்தகம் கைக்கு வந்தாலும் பின்னட்டைப் பக்கமிருந்துதான் புரட்டுவேன். தொழில் புத்தி, போகாது.

2025இல் சர்வதேச புக்கர் பரிசு பெற்ற 'ஹார்ட் லேம்ப்' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கன்னடத்தில் பானு முஷ்தாக் எழுதிய பன்னிரண்டு கதைகள். ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தவர் தீபா பஸ்தி. பரிசு ஐம்பதாயிரம் பவுண்டு, ஆளுக்குப் பாதி. பிரிட்டனில் அதை வெளியிட்டது ஷெஃபீல்டில் இருக்கிற 'அண்ட் அதர் ஸ்டோரீஸ்' என்ற சின்னப் பதிப்பகம்.

ஷெஃபீல்டு நமக்கு அந்நியமா என்ன? அதுவும் எஃகு ஊர். நம் ஜில்லா இரும்புத் தாதை நம்பிப் பரங்கிப்பேட்டையில் ஆலை போட்ட ஹீத் துரை கடைசியில் போய்ச் சேர்ந்ததும் அங்கேதான். சரி, அது வேறு கதை.

அந்தப் பதிப்பகத்தின் இன்னொரு புத்தகத்தை என் மருமகன் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்தான். வழக்கம்போலப் பின்னாலிருந்து திறந்தேன். கதை முடிந்த பிறகு பக்கம் பக்கமாக, பொடி எழுத்தில், வெறும் பெயர்கள். பட்டம், பதவி எதுவும் கிடையாது. புத்தகம் அச்சுக்குப் போகும் முன்பே சந்தா கட்டியவர்களாம்.

மொழிபெயர்ப்பில் செலவு முன்னால் வரும், வரவு பின்னால் வரும். மூலத்தின் உரிமைக்குப் பணம், மொழிபெயர்ப்பாளருக்குச் சம்பளம், எடிட்டிங், அப்புறம்தான் காகிதம், மை. எழுதியவர் பெயரையே கேள்விப்படாத கடைக்காரர் எத்தனை பிரதி எடுப்பார்? பெரிய கம்பெனிகள் தயங்குகிற இடம் அதுதான். 2014இல் லண்டனில் தொடங்கிய ஃபிட்ஸ்கரால்டோ, ஓல்கா தோகார்ச்சுக், அன்னி எர்னோ, யோன் ஃபோஸ்ஸே மூவரையும் நோபலுக்கு முன்பே ஆங்கிலத்தில் போட்டுவிட்டது. அதுவும் சின்னப் பதிப்பகம்தான்.

ஷெஃபீல்டுக்காரர்களின் சந்தாவைப் பார்த்ததும் எனக்கு ஒரு பழைய சொல் ஞாபகம் வந்தது: கையொப்பம். 1880இல் கும்பகோணத்துக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, போனவர் நம் ஊர்க்காரர், சேலம் இராமசுவாமி முதலியார். கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுத்த உ.வே. சாமிநாதையர் அவரைப் பார்க்கப் போய், தாம் படித்த அந்தாதி, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கினார். முதலியார் முகத்தில் ஒரு வியப்பும் இல்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். படித்ததில்லை. பிற்பாடு சுவடிப் பிரதியையும் அவரே கொடுத்தார். 1887இல் சிந்தாமணி அச்சாகி வந்தது. அதற்கான பணத்தில் ஒரு பங்கு கையொப்பம். 'புத்தகம் வந்தால் வாங்கிக்கொள்கிறேன்' என்று முன்கூட்டியே கையெழுத்துப் போடுவது, சிலர் கையோடு பணமும் கொடுப்பது. ஐயர் அதற்காக ஊர் ஊராக அலைந்திருக்கிறார். அந்தக் காலத்துப் புத்தகங்கள் சிலவற்றில் கையொப்பக்காரர் பட்டியலே அச்சாகியிருக்கும்.

போன மாதம் எனக்குத் தெரிந்த சிறு பதிப்பாளர் ஒருவர் வெளிநாட்டு நாவல் ஒன்றுக்கு முன்வெளியீட்டுத் திட்டம் அறிவித்தார். முன்னூறு ரூபாய் அனுப்பினேன். பெயரைப் போடட்டுமா என்று கேட்டார். போடுங்கள், ஆனால் அந்தப் பக்கத்துக்கு நானேதான் மெய்ப்புப் பார்ப்பேன் என்றேன்.

வீட்டில் கேட்டார்கள், "பணம் கட்டினீங்களே, புத்தகம் எங்கே?"

மொழிபெயர்ப்பாளர் இன்னும் பாதிதான் முடித்திருக்கிறாராம்.

வணக்கம்.