கன்னியாகுமரி மொட்டை மாடியிலிருந்து உதயம்

நேயர்களுக்கு வணக்கம்.

கன்னியாகுமரிக்கு உதயம் பார்க்க வருகிறவர்கள் விடியுமுன்னே எழும்பி நேராக முக்கடல் சங்கமத்துக்குப் போய்விடுகிறார்கள். போக வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் சபரிமலை சீசனிலும் மே மாத விடுமுறையிலும் அங்கே தெரிவது முன்னால் நிற்பவரின் தலையும் அவர் தூக்கிப் பிடித்த செல்போனும்தான். அதே நேரத்தில் அவர்கள் தங்கியிருக்கும் லாட்ஜின் மொட்டை மாடி சும்மா கிடக்கும். விவேகானந்தர் பாறையிலிருந்து பார்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். முடியாது. படகு விடும்போது மணி எட்டை ஒட்டிவிடும், சூரியன் நன்றாகச் சுட ஆரம்பித்திருக்கும். அதனால் மாடியைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன்.

மாடிக்கு ஒரு கணக்கு லாபம் உண்டு. கடற்கரை மணலில் நிற்பவரின் கண்ணுக்குக் கடல் சுமார் 5 கிலோமீட்டர் தூரத்தில் முடிந்துவிடும். கடல் மட்டத்திலிருந்து 16 மீட்டர் உயரம், அதாவது நாலைந்து மாடி ஏறி நின்றால் 14 கிலோமீட்டர் வரை தெரியும். கீழே நிற்பவருக்குச் சூரியன் தலைகாட்டுவதற்குப் பதினைந்து இருபது வினாடி முன்னாலேயே மேலே நிற்பவர் பார்த்துவிடுவார். இருபது வினாடி பெரிய விஷயமா என்று தோன்றும். ஆனால் சூரியத் தட்டு முழுசாக வெளியே வர எடுத்துக்கொள்வதே இரண்டே கால் நிமிடம்தான். நம் ஊர் நிலநடுக்கோட்டுக்கு அருகில், வடக்கே 8 பாகையில், அதாவது 8 டிகிரியில் இருக்கிறது. இங்கே சூரியன் சாய்ந்து சாய்ந்து வராது. ஏறக்குறைய நெட்டுக்குத்தாக ஏறும். கைப்பையில் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தால் முடிந்துபோய்விடும்.

அடுத்து, எத்தனை மணிக்கு? இதில்தான் ஏமாறுகிறவர்கள் அதிகம். மார்கழியில்தான் சூரியன் ரொம்பத் தாமதமாக வரும் என்று ஒரு நினைப்பு. இல்லை. டிசம்பர் கடைசியில் இங்கே உதயம் 6.32 வாக்கில். அதற்கப்புறமும் தள்ளிக்கொண்டே போய், தை மாதம் பாதி தாண்டி, ஜனவரி கடைசியிலும் பிப்ரவரி முதலிலும் 6.40 ஆகும். வருடத்திலேயே தாமதமான உதயம் அதுதான். சீக்கிரமான உதயம் வைகாசியில், மே கடைசி வாரத்தில், சரியாக 6 மணிக்கு. அக்டோபர் முதல் பாதியில் 6.07. தை மாதம் வந்து பார்த்துவிட்டுப் போனவர், அதே நினைப்பில் வைகாசியில் 6.35க்கு மாடி ஏறினால், சூரியன் வந்து அரை மணி நேரத்துக்கு மேல் ஆகியிருக்கும்.

வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரைப் பார்த்து வருகிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அதில் போட்டிருப்பது சென்னை நேரம் என்றால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. சென்னை நமக்குக் கிழக்கே இருக்கிறது, வடக்கேயும் இருக்கிறது. ஜனவரி கடைசியில் அந்த நேரத்தோடு 4 நிமிடம் கூட்டினால் போதும். மே கடைசியில் 19 நிமிடம் கூட்ட வேண்டும். ஒரே ஊர், ஒரே காலண்டர், ஆனாலும் மாதத்துக்கு மாதம் வித்தியாசம் மாறும்.

நேரத்தைவிட முக்கியம் திசை. இதைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன், எனக்குப் பிடித்த பகுதி இது. சூரியன் கிழக்கே உதிக்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். நேர்க் கிழக்கில் உதிப்பது மார்ச் 21 வாக்கிலும் செப்டம்பர் 23 வாக்கிலும்தான். மற்ற நாளெல்லாம் இடம்வலமாக நகர்ந்துகொண்டே இருக்கும். கிழக்கைப் பார்த்து நின்று, கையை நேராக நீட்டி, முஷ்டியை மடக்குங்கள். அந்த முஷ்டியின் அகலம் சுமார் 10 பாகை. ஜூனில் சூரியன் நேர்க் கிழக்கிலிருந்து இரண்டரை முஷ்டிக்குக் கொஞ்சம் குறைவாக இடது பக்கம் வரும். கூடங்குளம் பக்கத்துக் கரையை ஒட்டினாற்போல. டிசம்பரில் அதே இரண்டரை முஷ்டி வலது பக்கம், திறந்த கடலில். இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடுவே ஐந்து முஷ்டி தூரம் கிட்டத்தட்ட. இந்த நகர்வு எல்லா மாதமும் ஒரே வேகத்திலும் இல்லை. மார்ச்சிலும் செப்டம்பரிலும் ஒரு வாரத்தில் ஐந்தாறு சூரிய அகலம் நகர்ந்துவிடும். ஜூன், டிசம்பர் இருபதாம் தேதியை ஒட்டி இரண்டு மூன்று வாரம் நின்ற இடத்திலேயே நிற்பது போலத் தெரியும்.

இது எதற்கு என்றால், எல்லாரும் கேட்பது ஒரே படம்: பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் பின்னால் சூரியன். அந்தப் படம் எல்லா மாடியிலும் எல்லா மாதமும் கிடைக்காது. பாறைக்கு நேர் மேற்கே இருக்கும் மாடி என்றால் மார்ச், செப்டம்பரில்தான் சூரியன் பாறைக்குப் பின்னால் வரும். மாடி வடமேற்கே தள்ளித் தள்ளிப் போகப்போக அந்த நாள் டிசம்பரை நோக்கி நகரும். இன்னும் அதிகம் வடக்கே போய்விட்டால் வருடத்தில் எந்த நாளும் வராது. அறை பதியும்போது ‘கடல் தெரியுமா’ என்று மட்டும் கேட்டு ஏமாறாதீர்கள். இந்த ஊரில் மூன்று பக்கம் கடல். மேற்குக் கடல் தெரிந்தாலும் ‘தெரியும்’ என்றுதான் பதில் வரும். ‘கிழக்குக் கடல் மாடியிலிருந்து தெரியுமா, மாடிக்கு விடுவீர்களா’ என்று இரண்டையும் சேர்த்துக் கேளுங்கள். கிழக்கு ரத வீதிப் பக்கம், கடற்கரையை ஒட்டிய தெருக்கள், இவை பொதுவாகத் தோது. ஆனால் முன்னால் ஒரு மாடி அதிகமாகக் கட்டிய லாட்ஜ் இருந்தால் அதோடு சரி.

சரி, மாடிக்கு வருவோம். சாயங்காலமே ஒரு தடவை ஏறிப் பார்த்துவிடுங்கள். வெளிச்சத்தில் பார்த்தால்தான் தண்ணீர்த் தொட்டி எங்கே நிற்கிறது, செல்போன் டவர் எங்கே, போர்வை காயப்போடும் கொடி எந்தப் பக்கம் என்பதெல்லாம் தெரியும். விடியற்காலை இருட்டில் அந்தக் கொடிக்கம்பி கழுத்து உயரத்தில் இருக்கும். லிஃப்ட் பெரும்பாலும் மாடிவரை போகாது, கடைசிப் படிக்கட்டு ஏறித்தான் ஆக வேண்டும். வயதானவர்களைக் கூட்டி வருகிறவர்கள் இதை முதலிலேயே யோசியுங்கள். மாடிக் கதவுச் சாவி யாரிடம் என்று ராத்திரியே ரிசப்ஷனில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விடியற்காலை பூட்டின கதவுக்கு முன்னால் நின்று ரூம் பாயைத் தேடுகிறவர்கள் நிறையப் பேர். செல்போன் திசைகாட்டியால் கிழக்கைக் குறிக்கும்போது இரும்புக் கைப்பிடியையும் தொட்டி ஸ்டாண்டையும் விட்டு நாலு எட்டுத் தள்ளி நில்லுங்கள். பக்கத்தில் போனால் முள் தப்பாகக் காட்டும்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் தளத்தில் பாசி பிடித்திருக்கும். ரப்பர்ச் செருப்பு போட்டு ஓடினால் வழுக்கும். ஆனி, ஆடியில் காற்று. கைப்பிடிச் சுவர்மேல் செல்போனையோ டீ டம்ளரையோ வைத்தால் கீழே தெருவில்தான் பொறுக்க வேண்டும். குழந்தைகளைச் சுவர்மேல் உட்கார வைத்துப் படம் எடுப்பது, அதைச் சொல்லவே வேண்டாம்.

இன்னொன்று. பல லாட்ஜில் கதவைத் தட்டி எழுப்பிவிடுவார்கள். நல்ல வழக்கம். ஆனால் தட்டுவது உதயத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான். நீங்கள் உதயத்துக்கு நாற்பது நிமிடம் முன்பே மேலே இருக்க வேண்டும், இதை இரண்டு தடவை சொன்னாலும் தகும், நாற்பது நிமிடம். கடலில் மீன்பிடிப் படகு விளக்குகள் அப்போதுதான் தெளிவாகத் தெரியும். நிறம் முதலில் அடிவானத்தில் மங்கலாக ஏறி, உதயத்துக்கு இருபது இருபத்தைந்து நிமிடம் இருக்கும்போது நன்றாகச் சிவக்கும். கடைசிப் பத்து நிமிடத்தில் அது வெளுத்துப் போகும். சூரியத் தட்டு வரும்போது மட்டும் வந்து கைதட்டிவிட்டு இறங்குகிறவர்கள் பாதிக்குமேல் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். மாடி விளக்கு எரிந்தால் அணைக்கச் சொல்லுங்கள். கீழே அறைகளில் ஆள் தூங்குவார்கள், குரலும் தாழ்ந்தே இருக்கட்டும்.

கடல் விளிம்பில் மேகம் இருந்தால்? இருக்கும். முக்கால்வாசி நாள் ஏதாவது ஒரு பட்டை இருக்கும். உடனே இறங்காதீர்கள். கையை நீட்டிச் சுண்டுவிரலைப் படுக்கவைத்துப் பிடியுங்கள். அதன் பருமன் சுமார் ஒரு பாகை. சூரியன் அதைக் கடக்க நாலு நிமிடம். மேகம் இரண்டு சுண்டுவிரல் உயரம் என்றால் எட்டு ஒன்பது நிமிடம் காத்திருந்தால் மேல் விளிம்பில் வெளியே வரும். அரை முஷ்டிக்குமேல் கருமேகம் என்றால் காப்பி குடிக்கப் போகலாம்.

கேமராவைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். சுருக்கமாக: ஏ.சி. அறையிலிருந்து நேராக வெளியே கொண்டுவந்தால் லென்ஸில் நீர் படியும். அரை மணி நேரம் முன்பே ஏ.சி.யை விட்டு வெளியே வைத்துவிடுங்கள். உப்புக்காற்று படிந்த லென்ஸை உலர்ந்த துணியால் தேய்க்காதீர்கள், கீறல் விழும். ஈரத்துணியால் ஒற்றி எடுத்துப் பிறகு துடையுங்கள். பைனாகுலரில் சூரியனை எந்த நேரமும் பார்க்கக் கூடாது. நாகர்கோவில் மாடிகளைப் பற்றியும் சித்திரா பௌர்ணமி பற்றியும் சொல்ல இடமில்லாமல் போய்விட்டது. வணக்கம்.