முள்காட்டுக் கௌதாரியும் செம்பனைக் காட்டுக்கோழியும்

(பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, பெரியோர்களே, பிள்ளைகளே, வணக்கம்.

நம் தாத்தா பாட்டி காலத்தில் புதுக்கோட்டை, இராமநாதபுரம் பக்கத்து முள்காடுகளில் கௌதாரி கூவாத காலை இருந்திருக்காது. கப்பலேறி வந்து இங்கே பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், வேலை செய்தபோது அவர்கள் காதில் விழுந்தது காட்டுக்கோழியின் கூவல். அதனால்தான் இந்த இரண்டையும் சேர்த்துப் பேச ஆசைப்பட்டேன்.

இரண்டும் தரையில் மேய்பவை, தரையிலேயே முட்டையிடுபவை, காலங்காலமாகக் கண்ணியில் மாட்டுபவை. மரபணு ஆய்வுகளின்படி நெருங்கிய சொந்தமும்கூட. பார்க்கக் கோழி மாதிரியே இருக்கும் ஃபெசன்ட் பறவையைவிடக் கௌதாரிதான் கோழிக்குக் கிட்டத்து உறவு. அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒளிந்துகொள்ள எந்த இடம் வாய்த்தது என்பதுதான் பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

கௌதாரிக்கு வாய்த்தது வெயிலும் முள்ளும் காய்ந்த புல்லும். நீளம் ஏறக்குறைய 30 சென்டிமீட்டர், எடை கால் கிலோவுக்குச் சற்று மேல். உடம்பெல்லாம் மெல்லிய குறுக்குக் கோடுகள்; அசையாமல் உட்கார்ந்துவிட்டால் பக்கத்தில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. ஆணும் பெண்ணும் ஒரே நிறம். ஆபத்தென்றால் முதலில் ஓடும். ஓட வழியில்லை என்றால்தான் சடசடவென்று எழும்பிக் கொஞ்சதூரம் பறந்து அடுத்த புதரில் இறங்கும். இப்படி மறைந்தே வாழும் பறவைக்குக் குரல்தான் வேலி. வேட்டைக்காரர்கள் இதைத் தெரிந்து வைத்திருந்தார்கள். பழக்கிய கௌதாரியைக் கூண்டில் வைத்துக் கூவவிடுவார்கள். நம் இடத்தில் எவன் வந்தான் என்று சண்டைக்கு ஓடிவரும் காட்டுக் கௌதாரி சுற்றியிருக்கும் கண்ணியில் சிக்கும்.

அந்த முள்காட்டைத் தரிசு என்று ஏட்டில் எழுதிவிடுகிறார்கள். மரம் அடர்ந்த காட்டுக்குத்தான் எல்லோரும் பரிந்து பேசுகிறார்கள். முள்காட்டை அழித்தால் கேட்பாரில்லை. இது எனக்கு ஆறாத வருத்தம்.

சரி, நம் வாசலில் இருப்பதற்கு வருவோம். காட்டுக்கோழி அடர்காட்டின் நடுவே வாழ்வதைவிடக் காட்டோரத்தையே அதிகம் விரும்பும். அதனால்தான் காடு தோட்டமான பிறகும் அது பிழைத்தது. பினாங்கின் பெருநிலப் பகுதியான செபராங் பிறையில் ஏதாவது செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்துக்கு விடியற்காலையில் போய்ப் பாருங்கள். வெட்டிப் போட்ட மட்டை அடுக்குகளைக் கிளறிக் கறையானும் வண்டும் பொறுக்கும். உதிர்ந்த பழத்தையும் கொத்தும். சேவல் வாலைத் தாழ்த்தியபடி தோட்டப் பாதைக்கு வரும். ஒரு காலைத் தூக்கி அப்படியே நிற்கும். தீனி கண்டால் தான் தின்னாமல் கொக்கொக் என்று பெட்டைகளை அழைக்கும். அதன் கூவலும் நம் வீட்டுச் சேவலின் கூவல்தான், ஆனால் கடைசிப் பகுதி வெட்டென்று நின்றுவிடும்.

உலகத்து வீட்டுக் கோழிகளுக்கெல்லாம் முக்கிய மூதாதை இந்தப் பறவை. தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, மியன்மார் வட்டாரத்துக் காட்டுக்கோழியிலிருந்து வீட்டுக்கோழி வந்தது என்று 2020இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. அதே வீட்டுக்கோழிதான் இன்று காட்டுக்கோழிக்கு ஆபத்து. தோட்டத்தை ஒட்டி நாம் மேயவிடும் கோழிகளோடு அது கலக்கிறது. தலைமுறைக்குத் தலைமுறை காட்டு ரத்தம் குறைகிறது. துப்பாக்கியை விட எனக்கு இதுதான் அதிகக் கவலை. காட்டோரத்தில் குடியிருப்பவர்கள் தயவுசெய்து கோழிகளை அடைத்து வளருங்கள்.

கலப்பில்லாததா என்று எப்படித் தெரிந்துகொள்வது என்று ஒரு தம்பி தொடக்கத்திலேயே கேட்டார். காலைப் பாருங்கள், மஞ்சளாக இல்லாமல் சாம்பல் நிறமாக இருக்க வேண்டும். பெட்டைக்குக் கொண்டை இருப்பதே தெரியாது. இனப்பெருக்கக் காலம் முடிந்ததும் சேவல் கழுத்தின் பொன்னிறச் சிறகுகளை உதிர்த்துவிடும். அந்த இடத்தில் குட்டையான கறுப்புச் சிறகுகள் முளைக்கும், நீண்ட வால் சிறகுகளும் போய்விடும். வீட்டுச் சேவலிடம் இந்த மாற்றத்தைப் பார்க்க முடியாது. படம் எடுத்தால் கழுத்தும் காலும் தெளிவாகத் தெரியும்படி எடுங்கள்.