மாம்பழமும் மரத்தின் ஜாதகமும்

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, யார் பக்கம் கைதட்டலாம் என்று இன்னும் முடிவு செய்யாமல் உட்கார்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பிரெஞ்சு ஓவியர் பால் கோகனின் ஓவியங்களை அவருடைய வாழ்க்கையிலிருந்து பிரித்துப் பார்க்க முடியுமா, முடியாதா? இதுதான் இன்றைய தலைப்பு. முடியும் என்கிறது அந்த அணி, முடியாது என்று சொல்ல வந்திருக்கிறேன் நான். எனக்கு முன்னால் பேசியவர் ஒரே வரியில் கைதட்டலை அள்ளிக்கொண்டு போனார்: மாம்பழம் தின்ன வந்தவன் மரத்தின் ஜாதகத்தை எதற்குக் கேட்கணும்? நானும் கைதட்டினேன், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் ஐயா, இந்தக் கடையில் பழத்தை ஜாதகத்திலேயே சுற்றித்தான் கொடுத்தார்கள். கொடுத்தவர் வேறு யாருமில்லை, வியாபாரி கோகனேதான்.

1891-க்குப் போவோம். பாரிஸில் ஒருவர் தன் ஓவியங்களை ஏலம் விடுகிறார், பசிபிக் கடலில் இருக்கிற தாகித்தித் தீவுக்குப் போகிற செலவுக்காக. அதே சமயத்தில் பத்திரிகைக்குப் பேட்டியும் கொடுக்கிறார்: நாகரிகம் என்கிற இந்தத் தொல்லையிலிருந்து விடுபட்டு நிம்மதியைத் தேடிப் போகிறேன் என்று. அந்த ஏப்ரலில் கப்பல் ஏறி, ஜூன் மாதம் தாகித்தியின் தலைநகர் பாபீத்தே போய் இறங்குகிறார். அங்கே என்ன இருந்தது? பிரெஞ்சுக் காலனி ஆட்சி இருந்தது, தேவாலயம் இருந்தது, பாதிரியார்கள் கற்றுக்கொடுத்தபடி கழுத்திலிருந்து கணுக்கால் வரை கவுன் போட்ட பெண்கள் இருந்தார்கள். கிறிஸ்தவ மிஷனரிகள் அந்தத் தீவுக்கு வந்து சேர்ந்தது 1797-ல், அதாவது இவர் பிறப்பதற்கே அரை நூற்றாண்டுக்கு முன்னால். கடைசி அரசர் ஐந்தாம் பொமாரேயும் இவர் போய்ச் சேர்ந்த கொஞ்ச நாளில் இறந்துவிட்டார். ஆக, தேடிப் போன சொர்க்கம் அங்கே இல்லை. இல்லாததை என்ன செய்தார்? வரைந்தார். அப்புறம் பாரிஸுக்குத் திரும்பி வந்து, நான் அங்கேதான் வாழ்ந்தேன், இதோ என் கதை என்று 'நோவா நோவா' என்ற நூலையும் எழுத ஆரம்பித்தார், படங்களைப் பார்க்க வருகிறவர்களுக்குப் புரியட்டும் என்று. அந்த நூலில் தாகித்தியின் பழைய தெய்வக் கதைகளையெல்லாம் தன்னோடு இருந்த பெண் இரவில் சொன்னதாக எழுதுகிறார். உண்மையில் அந்தக் கதைகள் மோரென்ஹூட் என்பவர் 1837-லேயே அச்சிட்ட புத்தகத்திலிருந்து எடுத்தவை! படத்தோடு வாழ்க்கையைச் சேர்த்து விற்றவர் அவர், வாழ்க்கையில் சரக்கு குறைந்த இடத்தில் புத்தகத்திலிருந்து கடன் வாங்கியும் விற்றார். ஒட்டியவர் அவரே; நூற்றுச் சொச்சம் வருஷம் கழித்து நாம் பிரிக்கலாம் என்று கிளம்பினால் எப்படி?

எதிரணித் தலைவி கண்ணீர் வர ஒரு பகுதி பேசினார்: பங்குச்சந்தையில் கைநிறையச் சம்பாதித்த மனுஷன், கலைக்காக எல்லாவற்றையும் தூக்கி எறிந்தார் என்று. பாதி உண்மை. 1882-ல் பாரிஸ் பங்குச்சந்தை விழுந்தது, அடுத்த வருஷம் வேலை போயிற்று. எறிந்தாரா, எறியப்பட்டாரா என்பதை நடுவர் தீர்மானிக்கட்டும். எறிந்தது நிச்சயமாகத் தெரிவது ஒரு விஷயத்தில்தான்: டென்மார்க்கைச் சேர்ந்த மனைவி மெட்டெயும் ஐந்து பிள்ளைகளும். அந்த அம்மா கோபன்ஹேகனில் பிரெஞ்சு சொல்லிக்கொடுத்து, மொழிபெயர்த்துக் குடும்பத்தை ஓட்டினார். தியாகம் என்று சொல்வதென்றால் அந்த வீட்டில் யார் செய்தது என்று கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். இதில் ஒரு வேடிக்கை. 1892-ல் கோகன் இரண்டு தாகித்திப் பெண்களை வரைந்து படத்துக்கு வைத்த பெயர், 'நீ எப்போது கல்யாணம் செய்துகொள்ளப் போகிறாய்?' கேட்கிறவர் யார் பார்த்தீர்களா! அந்தப் படம்தான் பிற்காலத்தில் 21 கோடி டாலருக்குக் கைமாறியது.

சரி, சிரித்தது போதும். தாகித்தியில் கோகன் வீட்டில் இருந்த பெண்ணைப் பற்றிப் பேசியாக வேண்டும்.

பெயர் தெஹாமனா. வயது சுமார் பதின்மூன்று. கோகனுக்கு அப்போது நாற்பத்து மூன்றோ நான்கோ. எதிரணி என்ன சொல்லும் என்று எனக்குத் தெரியும், ஏற்கெனவே சொல்லியும் விட்டார்கள்: அந்தக் காலத்தில் அதெல்லாம் சகஜம், பிரெஞ்சுச் சட்டமே பதின்மூன்றைத்தான் வரம்பாக வைத்திருந்தது, இன்றைய தராசில் அன்றைய சரக்கை நிறுக்கக் கூடாது. நல்ல வாதம். ஆனால் கோகனின் 'நோவா நோவா' கைப்பிரதி இதற்கு ஒத்துழைக்க மாட்டேன் என்கிறது. பதின்மூன்று வயதுக் குழந்தை என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே ஒரு அடைப்புக்குறி போடுகிறார்: ஐரோப்பாவில் பதினெட்டு, இருபதுக்குச் சமம் என்று. சகஜமான விஷயத்துக்கு யாராவது அடைப்புக்குறி போடுவார்களா? சோறு சாப்பிட்டேன் என்று எழுதுகிறவன் பக்கத்தில் சமாதானம் எழுதுவதில்லை. படிக்கிறவன் முகம் சுளிப்பான் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது, 1893-லேயே தெரிந்திருக்கிறது. இன்றைய தராசு எனக்கு வேண்டாம், அவருடைய அடைப்புக்குறியே போதும்.

அதோடு நின்றாரா? 1895-ல் திரும்பவும் தாகித்திக்குப் போனார். தெஹாமனாவுக்கு அதற்குள் வேறு ஒருவரோடு கல்யாணம் ஆகியிருந்தது, வந்து சில நாள் இருந்துவிட்டுப் போய்விட்டாள். அப்புறம் பஹூரா, பதினான்கு வயது. 1901-ல் மார்க்கெசாஸ் தீவுகளில் ஹிவா ஓவா, அங்கே வயோஹோ, அவளுக்கும் பதினான்கு. கன்னிமாடப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தவள். பெற்றோருக்குத் துணிமணியும் ஒரு தையல் மிஷினும் போயிற்று, பெண் பள்ளியிலிருந்து இவர் வீட்டுக்கு வந்தாள்.

காலனி அதிகாரத்தை எதிர்த்த போராளி என்று இன்னொரு நண்பர் சொன்னார். எதிர்த்தார், மறுக்கவில்லை. போலீஸ்காரரை எதிர்த்து எழுதி, 1903-ல் மூன்று மாதச் சிறையும் 500 பிராங்க் அபராதமும் தீர்ப்பாகி, அந்தச் சிறைக்குப் போகாமலே மே 8-ம் தேதி செத்தும் போனார். ஆனால் அதே மனுஷர் 1900-ல் பாபீத்தேயில் மேடை ஏறி, அங்கே பிழைக்க வந்த சீனர்களுக்கு எதிராகப் பேசியவர். ஹிவா ஓவாவில் நிலம் பாதிரியார்கள் கையில் இருந்தது. வாங்குகிற வரைக்கும் ஒழுங்காகப் பூசைக்குப் போனார், வாங்கியதும் நின்றுவிட்டார். நம்ம ஊரில் இதற்கு ஒரு பழமொழி இருக்கிறது, ஆறு கடக்கிற வரை அண்ணன் தம்பி.

இவ்வளவு சொன்னதும், இந்த அணி படங்களைக் கழற்றிக் குடோனில் போடச் சொல்கிறது என்று அடுத்து வருகிறவர் ஆரம்பிப்பார். இல்லை. லண்டன் நேஷனல் கேலரியிலேயே 2019-ல் அவருடைய உருவப்படங்களைக் கண்காட்சியாக வைத்தபோது, கோகனைப் பார்ப்பதையே நிறுத்திவிடலாமா என்ற கேள்வியை ஒலி வழிகாட்டியில் கேட்டார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் அந்தப் படங்களின் ரசிகன். 1888-ல் பிரான்ஸின் பிரிட்டனி வட்டாரக் கிராமத்துப் பெண்கள் பிரசங்கம் கேட்டுவிட்டுக் கண்ட காட்சியை வரைந்தாரே, தரை முழுக்க ரத்தச் சிவப்பு! புல் பச்சை என்று எல்லாரும் சத்தியம் செய்துகொண்டிருந்த உலகத்தில் அப்படி ஒரு சிவப்பைத் தட்டையாகப் பூசுவதற்கு நெஞ்சு வேண்டும். 1906-ல் பாரிஸில் அவருடைய இருநூறுக்கும் மேற்பட்ட படைப்புகளைச் சேர்த்து வைத்தபோது இளைய ஓவியர்கள் அசந்து போனதில் ஆச்சரியமே இல்லை. நான் சொல்வது இதுதான்: வாழ்க்கையை வெட்டிவிட்டுப் பார்த்தால் ஓவியமே பாதிதான் தெரியும். நஷ்டம் ரசிகனுக்கு.

ஒரே ஒரு படம் காட்டுகிறேன். 'மனாவோ துபாபாவ்', அதாவது ஆவியைப் பற்றிய நினைப்பு, 1892, இப்போது அமெரிக்காவில் பஃபலோ நகரத்து அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மஞ்சள் பாய்ந்த விரிப்பின் மேல் ஒரு சிறு பெண் ஆடையில்லாமல் குப்புறப் படுத்திருக்கிறாள், முகம் நம் பக்கம். பின்னால் ஊதா இருட்டு, அதில் கறுப்பு முக்காடு போட்ட ஓர் உருவம், இருட்டில் பூப்பூவாகச் சின்னச் சின்ன வெளிச்சம். நிறம் என்றால் இது நிறம். படுத்திருப்பவள் தெஹாமனா. இந்தப் படத்தைக் கோபன்ஹேகன் கண்காட்சிக்கு அனுப்பும்போது மனைவிக்கே கடிதம் எழுதுகிறார்: இந்தக் கிடையில் இன்னும் கொஞ்சம் போனால் ஆபாசமாகிவிடும், ஆகவே அவள் பயத்துக்குக் காரணம் ஆவி என்று விளக்கம் சொல்லிக்கொள், யாராவது கேட்டால் பயன்படும் என்கிற மாதிரி. கட்டின மனைவியிடம், சிறுமியின் படத்துக்கு, விளக்க உரை! அப்புறம் 'நோவா நோவா'வில் கதை: ஊருக்குப் போய் இரவு வெகுநேரம் கழித்து வந்தேன், விளக்கில் எண்ணெய் தீர்ந்திருந்தது, தீக்குச்சியைக் கிழித்தேன், அவள் பயத்தில் உறைந்து கிடந்தாள், என்னையே அந்த ஆவிகளில் ஒன்றாக நினைத்தாளோ என்னவோ.

எழுதியவர் அவரேதான் நடுவர் அவர்களே, நான் சேர்க்கவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், முடிக்கிறேன். அடுத்து வரும் எதிரணி நண்பருக்கு ஒரே ஒரு வேண்டுகோள். இந்தப் படத்தை இந்தச் சபைக்கு விளக்குங்கள், அவள் யார், வயது என்ன, கதவைத் திறந்துகொண்டு வந்தது யார் என்று ஒரு வார்த்தை சொல்லாமல் விளக்குங்கள். அவள் ஏன் பயந்திருக்கிறாள் என்பதையும் சேர்த்து. நான் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறேன், தண்ணீர் குடித்துவிட்டு நிதானமாக ஆரம்பியுங்கள்.