மருந்துத் தரவில் 0, 1, 2-க்குப் பெயர் ஒட்டும்போது

[திரை: அட்டவணை. பாலினம், மையம் பத்திகள் மட்டும் மஞ்சள் நிறத்தில்]

வணக்கம். திரையில் இருப்பது பயிற்சிக்காக உருவாக்கிய தரவு, நிஜ நோயாளிகள் இல்லை. ஜென்டமைசின் என்ற ஆன்டிபயாடிக் ஊசி, திருநெல்வேலி வட்டாரத்தில் 10 மையங்கள். 1 பாளையங்கோட்டை, 2 தென்காசி, 3 அம்பாசமுத்திரம் என்று போய் 10 சங்கரன்கோவில். பாலினத்தில் 0 ஆண், 1 பெண். விடுபட்ட இடத்தில் -99. மருந்து மாடல்களைக் கணக்கிடும் நான்மெம் மென்பொருள் எண்களைத்தான் படிக்கும் என்பதால் எல்லாமே எண்.

சரி, வரைபடத்தைப் பார்க்கப்போகும் டாக்டருக்கு "பாலினம் 1" என்றால் என்ன புரியும்? அதற்குத்தான் ஆர் என்ற புள்ளியியல் நிரல் மொழியில், எண்ணுக்குப் பெயர் ஒட்டும் ஃபேக்டர் கட்டளை.

[திரை: லெவல்ஸ் 0, 1, லேபிள்ஸ் ஆண், பெண்]

லெவல்ஸ் என்பது தரவில் உள்ள குறியீடுகள், லேபிள்ஸ் என்பது அவற்றுக்கான பெயர்கள். இரண்டும் வரிசைப்படிதான் ஜோடி சேரும். இடம் மாற்றி எழுதினாலும் ஆர் வாய் திறக்காது. லெவல்ஸை எழுதாமல் விட்டால் அதுவே வரிசை போட்டுக்கொள்ளும். மையம் பத்தி எழுத்தாகப் பதிவாகியிருந்தால் அந்த வரிசை 1, 10, 2 என்று போகும். தென்காசி என்ற பெயர் சங்கரன்கோவில் நோயாளிகளுக்குப் போய்விடும். அதனால் லெவல்ஸை எப்போதும் நீங்களே எழுதுங்கள். அதில் -99-ஐ விட்டுவிட்டால் சத்தமில்லாமல் என்.ஏ, அதாவது வெற்று மதிப்பு, ஆகிவிடும், "தெரியவில்லை" என்று அதற்கும் ஒரு லேபிள் கொடுங்கள்.

[திரை: பழைய பத்தியும் புதிய பத்தியும் அருகருகே]

இதை மட்டும் மறக்கவே மறக்காதீர்கள்: பெயரைப் பழைய பத்தியின் மேலேயே எழுதக் கூடாது. அப்படி எழுதிவிட்டு, அப்புறம் மாடலுக்காக எண்ணாக மாற்றினால் 0, 1 திரும்பி வராது. ஃபேக்டர் உள்ளே வைத்திருக்கும் 1, 2 தான் வரும். இப்போது ஆண்தான் 1. சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் கிளியரன்ஸுக்கான காக்கிராஃப்ட்-கால்ட் சூத்திரம் (1976) பெண்களுக்கு 0.85-ஆல் பெருக்கும். "பாலினம் 1 என்றால் 0.85" என்ற உங்கள் வரி ஆண்களின் மதிப்பைக் குறைத்துவிட்டுப் பெண்களின் மதிப்பை அப்படியே விட்டுவிடும். ஜென்டமைசின் வெளியேறுவது சிறுநீரகம் வழியாக. இந்தக் கணக்கு பிசகினால் டோஸும் பிசகும்.

ஆகவே பெயருக்குத் தனிப் பத்தி. எண்-பெயர் பட்டியலையும் ஒவ்வொரு ஸ்கிரிப்டிலும் தட்டாமல் ஒரே யாமல் (YAML, எளிய உரை வடிவம்) கோப்பில் வையுங்கள். ஆர் மொழிக்கான ஒய்ஸ்பெக் (yspec) பேக்கேஜ் அதைப் படித்து, எண் பத்தியைத் தொடாமல் பெயர்ப் பத்தியைச் சேர்த்துத் தரும்.

[திரை: குறுக்கு அட்டவணை]

பிறகு இரண்டு பத்திகளையும், எது எத்தனை முறை வருகிறது என்று எண்ணும் டேபிள் கட்டளையில் போட்டு, நோயாளிப் படிவத்தில் உள்ள குறியீட்டோடு ஒப்பிடுங்கள். என்.ஏ-வையும் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் டேபிள் அதைக் கணக்கில் சேர்க்காது.