ஆர்டர் எங்கே காத்துக் கிடக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

இணையக் கடை நடத்துகிறவர்கள் என்னிடம் வந்ததும் கேட்பது பெரும்பாலும் இதுதான்: "ஆர்டர் குவிகிறது, அனுப்பி மாளவில்லை. இன்னும் இரண்டு ஆள் போடட்டுமா?" நான் உடனே பதில் சொல்வதில்லை. ஒரு நாள் பொறுங்கள், ஏதாவது ஓர் ஆர்டரின் பின்னாலேயே கடிகாரமும் கையுமாக நடந்து பாருங்கள் என்பேன். வாடிக்கையாளர் பணம் கட்டிய நிமிடத்தில் தொடங்கி, கூரியர்க்காரர் பார்சலைத் தூக்கிக்கொண்டு படியிறங்கும் நிமிடம் வரைக்கும். அப்படிப் பார்த்த ஒருவர் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினார். பொருளை எடுக்க 4 நிமிடம், பெட்டியில் வைத்து ஒட்ட 3 நிமிடம். மீதி 26 மணி நேரம் ஆர்டர் சும்மா கிடந்திருக்கிறது. புது ஆள் வந்தால் அந்த 7 நிமிடம் 5 ஆகலாம். அந்த 26 மணி நேரத்தை அவர் என்ன செய்வார்?

காத்திருப்பை அளக்க ஓர் எளிய கணக்கு உண்டு. ஜான் லிட்டில் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1961இல் நிறுவிக் காட்டியது. வரிசையில் நிற்பவை எத்தனை என்று எண்ணி, ஒரு நாளைக்கு எத்தனை வருகின்றன என்பதால் வகுத்தால், ஒவ்வொன்றும் சராசரியாக எத்தனை நாள் நிற்கிறது என்று தெரிந்துவிடும். தினமும் 60 ஆர்டர் வருகிறது, 60 போகிறது, ஆனால் எப்போது பார்த்தாலும் 180 முடியாமல் கிடக்கிறது என்றால், வாடிக்கையாளர் 3 நாள் காத்திருக்கிறார் என்று பொருள். இந்தக் கடையில் யாரும் சோம்பேறி இல்லை. வருகிற அறுபதையும் அன்றன்றைக்கு ஈடுகட்டி அனுப்பத்தான் செய்கிறார்கள். என்றைக்கோ ஒரு விழாக் காலத்தில் விழுந்த தேக்கம் கரையாமல் கூடவே வந்துகொண்டிருக்கிறது, அவ்வளவுதான். ஒரு விடுமுறை நாளில் எல்லாரும் உட்கார்ந்து அதில் 120ஐ முடித்துவிட்டால், 3 நாள் காத்திருப்பு 1 நாளாகிவிடும். அதற்குப் பிறகு தினமும் அதே ஆட்கள், அதே வேலைதான்.

அடுத்தது நடை. பொருள் எடுப்பவரின் நேரத்தில் ஏறக்குறைய பாதி நடப்பதிலேயே போகிறது என்று கிடங்கு நிர்வாகப் பாடநூல்கள் சொல்லும். பத்து ஆர்டரைப் பத்து முறை போய் எடுத்தால் கால்தான் வலிக்கும். ஒரு தள்ளுவண்டியில் பத்துக் கூடையை வைத்துக்கொண்டு ஒரே சுற்றில் பத்து ஆர்டரையும் எடுத்துவிடலாம். ஆனால் அதற்கு ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு முகவரி வேண்டும்: எந்த அலமாரி, எந்தத் தட்டு, எந்தப் பெட்டி. எடுக்க வேண்டிய பட்டியலும் அந்த முகவரி வரிசையில் அச்சாக வேண்டும். "அந்தப் பொருளா, அது நம் பழைய ஊழியருக்குத்தான் தெரியும்" என்கிற கிடங்கில் அந்த ஊழியர் விடுப்பு எடுத்தால் கடையே விடுப்பு எடுத்துவிடும்.

வேகமாக விற்கும் பொருள்கள் பார்சல் கட்டும் மேசைக்குப் பக்கத்தில் இருக்கட்டும். அதுவும் இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில். சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஃபிராங்க் கில்பிரெத் என்பவர் கொத்தனார்களைக் கவனித்தார். ஒவ்வொரு செங்கல்லுக்கும் தரை வரை குனிந்து நிமிர்கிறார்களே என்று, கல்லை இடுப்பு உயரத்தில் வைக்கும் சாரம் அமைத்தார். ஒரு செங்கல் வைக்க 18 அசைவு தேவைப்பட்டது, 5 ஆகச் சுருங்கியது. அலமாரியின் அடித்தட்டில் நன்றாக விற்கும் பொருளை வைத்திருக்கும் எவருக்கும் இந்தக் கொத்தனார் கதையைச் சொல்வேன்.

இடத்தைப் பற்றிச் சொல்லும்போது என் தவற்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தத் தொழிலுக்கு வந்த புதிதில், ஒரே சட்டையின் நடுத்தர அளவையும் பெரிய அளவையும் அடுத்தடுத்து அடுக்கி, எவ்வளவு அழகு என்று ரசித்தேன். ஒரே நிற உறை, ஒரே மடிப்பு, மூலையில் ஒரே ஓர் எழுத்துதான் வேறு. அந்த வாரமே மாற்று அளவு போய்விட்டது என்று புகார் மேல் புகார். ஒரு தவறான பார்சல் என்றால் திரும்பி வரும் செலவு, மறுபடி அனுப்பும் செலவு, பிரித்துச் சோதிக்கும் நேரம், வாடிக்கையாளரின் கோபம். பத்துப் பார்சலை வேகமாகக் கட்டி மிச்சம் பிடித்த நேரம் அந்த ஒன்றிலேயே கரைந்துவிடும். இரட்டையர்களைப் பிரித்து வையுங்கள்! பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பரவாயில்லை.

கண்ணை நம்பாமல் இருக்கப் பார்கோடு இருக்கிறது. 1974 ஜூன் 26 அன்று அமெரிக்காவில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில், இன்று நாம் பார்க்கும் வகைப் பார்கோடு முதன்முதலாக ஸ்கேன் செய்து விற்கப்பட்டது ஒரு சூயிங்கம் பொட்டலம். அதன் பிறகு இத்தனை ஆண்டுகள் கழிந்தும், கட்டுவதற்கு முன் ஒரு முறை ஸ்கேன் செய்து ஆர்டரோடு ஒப்பிடச் சோம்பல்படுகிறோம்.

கட்டும் மேசைக்கு வருவோம். அமேசான் தொடங்கிய காலத்தில் ஜெஃப் பெசோஸும் கூட இருந்தவர்களும் தரையில் மண்டியிட்டுத்தான் பார்சல் கட்டினார்களாம். முழங்கால் வலிக்கிறது, முழங்காலுறை வாங்க வேண்டும் என்று பெசோஸ் சொல்ல, பக்கத்தில் இருந்தவர் மேசை வாங்கலாமே என்றாராம். பெசோஸே சிரித்துக்கொண்டு சொல்லும் கதை இது. உங்கள் மேசையில் கத்தரிக்கோல் எங்கே இருக்கிறது என்று கேட்டுப் பாருங்கள். பாதிக் கடைகளில் முதலில் ஒரு தேடல் நடக்கும். டேப்பின் நுனி ஒட்டிக்கொண்டு, அதை நகத்தால் சுரண்டி எடுக்கும் காட்சியும் உண்டு.

பெட்டி அளவும் முக்கியம். பல கூரியர் நிறுவனங்கள் நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000ஆல் வகுத்து வரும் எடையை, உண்மையான எடையோடு ஒப்பிட்டு, எது அதிகமோ அதற்குக் கட்டணம் வாங்குகின்றன. 40, 30, 20 அளவுள்ள பெட்டிக்கு 4.8 கிலோ கணக்கு. உள்ளே இருப்பது 1 கிலோவாகவே இருக்கலாம். அதே பொருள் 30, 20, 10 பெட்டியில் அடங்குமானால் 1.2 கிலோதான். மற்றதெல்லாம் காற்றுக்குக் கொடுத்த கூலி.

கூரியர் வண்டி வரும் நேரத்தைக் கேட்டு, அதற்கு மூன்று மணி நேரம் முன்பு வரை வரும் ஆர்டர் அன்றே போகும் என்று கடைப் பக்கத்தில் எழுதிவிடுங்கள். எழுதியபடி நடக்கவும் வேண்டும்.

ஒன்று பாக்கி இருக்கிறது. திரும்பி வந்த பார்சல்கள். எந்தக் கிடங்கிலும் ஒரு மூலையில் அவை மூட்டையாகக் கிடக்கும். பிரித்துப் பார்த்து இருப்பில் ஏற்றுவது யாருடைய வேலை என்று யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். இன்று மாலை அந்த மூட்டையைப் பிரித்துப் பாருங்கள். காலையில் ஒரு வாடிக்கையாளரிடம் "தீர்ந்துவிட்டது" என்று சொன்ன பொருள் அதற்குள்ளேயே இருக்கக்கூடும்.

நன்றி, வணக்கம்.